கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சென்னையில் திறந்தவெளி ஐஸ் ரிங்க் (ஸ்கேட்டிங் போகிற பனித்தரை) போட முடியுமா? எவ்வளவு பெரிய சில்லர் (குளிரூட்டும் மெஷின்) வேண்டும்?

10 மீட்டருக்கு 20 மீட்டர், தீவுத்திடல் மாதிரி ஒரு மைதானம் என்று எடுத்துக்கொள்கிறேன். போடலாம், ஆனால் கூரை இல்லாமல் போடாதீர்கள். நியூயார்க் ராக்கஃபெல்லர் சென்டரில் 1936இலிருந்து வெட்டவெளியில்தானே போடுகிறார்கள் என்று பின்னூட்டத்தில் யாராவது வருவார்கள். அங்கே டிசம்பர் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். துபாய் மாலில் இருப்பதோ ஏசி கட்டடத்துக்குள்.

எல்லோரும் வெயிலுக்குத்தான் பயப்படுகிறார்கள். வெயிலைப் பந்தல் பார்த்துக்கொள்ளும். காற்றிலுள்ள ஈரம்தான் சிக்கல். அது மைனஸ் 4 டிகிரி ஐஸ் மேல் படிந்து உறையும்போது விடுகிற வெப்பம், சூடான காற்று தருகிற வெப்பத்துக்குக் கிட்டத்தட்ட சமம். நிழலிலேயே சதுர மீட்டருக்கு 600 வாட் வையுங்கள். 200 சதுர மீட்டருக்கு 120 கிலோவாட், சுமார் 34 டன். இங்கேதான் ஏமாறுவார்கள்: வாடகைக்கு விடுகிறவர் சொல்கிற டன், 7 டிகிரி தண்ணீருக்கானது. நமக்கு வேண்டியது மைனஸ் 12 டிகிரியில் கிளைக்கால், அதாவது ஐஸுக்கு அடியில் குழாய்களில் ஓடுகிற, உறையாத திரவம். அந்த நிலையில் அதே மெஷின் பாதி கொடுத்தாலே பெரிது. 80 டன்னுக்குக் குறைந்து எடுக்காதீர்கள்.

தரையை மணல் போட்டு மட்டம் பாருங்கள். ஐஸ் மொத்தமே 5 சென்டிமீட்டர்; ஒரு பக்கம் 3 சென்டிமீட்டர் சரிந்திருந்தால் மறுபக்கம் குழாய் வெளியே தெரியும். மணல் மேல் பாலித்தீன் ஷீட், அதன் மேல் 50 மில்லிமீட்டர் கெட்டி இன்சுலேஷன் பலகை (சாதாரண தெர்மாகோல் அமுங்கிவிடும்), மறுபடி ஷீட், பிறகு கிளைக்கால் ஓடுகிற குழாய்ப் பாய். தண்ணீர் விடுமுன் பிரஷர் டெஸ்ட் கட்டாயம். உறைந்த பிறகு லீக் கண்டால் ஐஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் 10,000 லிட்டர், ஏறக்குறைய ஒரு லாரி. உப்பான போர் தண்ணீர் வேண்டாம், ஐஸ் கலங்கி மெத்தென்று ஆகும். சில்லரை ஓட்டி, குழாயில் வெள்ளையாக உறைபனி பூத்ததும் உடனே தெளிக்க ஆரம்பியுங்கள். நம் ஊர் ஈரத்தில் அந்தப் பூப்பு சீக்கிரம் தடிக்கும்; அதன் மேல் தண்ணீர் விட்டால் உள்ளே காற்று சிக்கி, ஸ்கேட் பிளேடு பட்டதும் உதிரும். ஒரு தடவைக்கு 2, 3 மில்லிமீட்டர், ராத்திரியில் மட்டும். மூன்று நான்கு ராத்திரி ஆகும். பகலில் இன்சுலேஷன் ஷீட் போட்டு மூடிவிட்டு, சாயங்காலம் 6 மணிக்குமேல் ஆட்களை விடுங்கள்.

ஜெனரேட்டர் தயாராக நிற்கட்டும். கரண்ட் போனால் ஒரு மணி நேரத்தில் மேலே 6 மில்லிமீட்டர் உருகும்.

பந்தல் என்றதும் கல்யாணப் பந்தலை நினைக்காதீர்கள். 2016இல் வர்தா புயல், 2023இல் மிக்ஜாம் புயல், இரண்டும் டிசம்பர்தான். 50 மில்லிமீட்டர் மழை உள்ளே விழுந்தால், ரிங்க் மேல் இன்னொரு ரிங்க் அளவு தண்ணீர் நிற்கும். பக்கவாட்டுச் சாரலுக்கும் தடுப்பு வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில்லர் வேலை எங்கே நடந்தாலும் பழைய கிளைக்காலை மழைநீர் வடிகாலில் திறந்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், அது விஷம், தெருநாய்கள் நக்கிச் சாகும். விலை கூடினாலும் புரோப்பிலீன் கிளைக்கால்தான் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், கழற்றும்போது டிரம்மில் பிடித்துத் திருப்பி எடுத்துப்போவதையும் சேர்த்து.