கூண்டை விடுங்க, குப்பையைப் பாருங்க

வணக்கம் நண்பரே. மும்பை முலுண்டில் உங்க குடியிருப்பு மதிலோரம் சிறுத்தை நடந்தது கேமராவில் பதிவாகியிருக்கு, வனத்துறையிடம் கூண்டு கேட்டு மனு போடலாமான்னு கேட்டிருந்தீங்க. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு, பயம் நியாயம்தான். ஆனா அந்த மனு வேண்டாம்.

சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா சுமார் 104 சதுர கிலோமீட்டர். அதன் ஓரத்தில்தான் நாம வீடு கட்டியிருக்கோம். ஒரு சிறுத்தையைப் பிடிச்சுட்டா அந்த இடம் காலியா இருக்காது, இன்னொண்ணு வந்துடும். பிடிச்சதைப் புது இடத்தில் விட்டா அங்கே ஆபத்து. புனே மாவட்டத்து ஜுன்னர் பக்கம் இப்படிப் பிடிச்சுப் பிடிச்சு விட்ட பிறகுதான் மனுஷங்க மேல தாக்குதல் கூடிச்சு. 2011ல் இந்தப் பூங்கா வனத்துறை, மும்பைக்காரங்களைச் சேர்த்துக்கிட்டு விழிப்புணர்வு வேலையைத் தொடங்கினதும் இந்தப் பிரச்சினைக்காகத்தான்.

சிறுத்தை வர்றது பெரும்பாலும் நாய்க்காக. நாய் வர்றது குப்பைக்காக. நான் தாணேயில் காட்டோரம் இருந்தப்போ, மதிலுக்குப் பின்னால கொட்டுற சாப்பாட்டை நிறுத்த வைக்கவே ஆறு மாசம் சண்டை போட்டேன். நீங்களும் அங்கேதான் ஆரம்பிக்கணும். பின்பக்கம் விளக்கு போடுங்க, புதரை வெட்டுங்க. இருட்டின பிறகு பிள்ளைங்களைத் தனியா விடாதீங்க. எதிரே பார்த்தா ஓடக்கூடாது, குனியவும் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மெதுவா பின்வாங்குங்க. சிறுத்தை எங்கேயாவது மாட்டிக்கிட்டா கூட்டம் சேர விடாம வனத்துறை உதவி எண் 1926க்குக் கூப்பிடுங்க.

ஒரு ஞாயிறு காலை பிள்ளைங்களைப் போரிவலி வாசல் வழியா பூங்காவுக்குள்ள இருக்கிற கன்ஹேரி குகைகளுக்குக் கூட்டிட்டுப் போங்க. திங்கள்னா பூங்கா மூடியிருக்கும்.