சி.ஆர்.பி 18: முட்டு உள்ள பிள்ளையின் இரத்த அறிக்கையை எப்படி வாசிப்பது?

உப்புவெளியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். ஆஸ்துமா உள்ள அவருடைய ஆறு வயது மகனுக்கு மூன்று நாட்களாக இருமலும் காய்ச்சலும் இருக்கின்றன. முட்டு (மூச்சுத்திணறல்) கூடிய இரவில் நெபுலைசரும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தும் கொடுக்கப்பட்டு, மறுநாள் காலையில் இரத்தம் எடுக்கப்பட்டது. சி.ஆர்.பி லீற்றருக்கு 18 மில்லிகிராம், வெள்ளை அணுக்கள் 15,000, அவற்றில் ஒவ்வாமையின்போது கூடும் வகையான ஈசினோபில் 1 சதவீதம். நெஞ்சில் கிருமி பிடித்துவிட்டதா, வீட்டில் மீதமிருக்கும் அன்டிபயோட்டிக் பாணியைக் கொடுக்கலாமா, ஈசினோபில் குறைந்திருப்பதால் ஆஸ்துமா குறைந்துவிட்டதா என்று கேட்கிறார்.

மீதமிருக்கும் பாணியைக் கொடுக்க வேண்டாம். இந்த எண்கள் மட்டும் அதற்குக் காரணமாகமாட்டா.

சி.ஆர்.பி என்பது உடலில் அழற்சி ஏற்படும்போது ஈரல் கூடுதலாகச் சுரக்கும் ஒரு புரதம்; 1930இல் நியுமோனியா நோயாளரின் குருதியிலேயே முதலில் கண்டறியப்பட்டது. தொற்று தொடங்கி ஆறு முதல் எட்டு மணித்தியாலங்களில் உயரத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாட்களில் உச்சத்தை அடையும். ஆஸ்துமாவின் அழற்சியோ பெரும்பாலும் சுவாசக் குழாய்களின் சுவரோடு நின்றுவிடுவதால், சி.ஆர்.பியைப் பெரிதாக உயர்த்துவதில்லை. பிள்ளைகளின் முட்டைத் தூண்டுபவை பெரும்பாலும் வைரசுகளே, அவற்றாலும் சி.ஆர்.பி ஓரளவு உயரும், அடினோவைரசு என்றால் நன்றாகவே உயரும். பக்டீரியா நியுமோனியாவாக இருந்தால், காய்ச்சலின் மூன்றாம் நாளில் 18ஐ விட மிக அதிகமான எண்ணையே பொதுவாக எதிர்பார்ப்போம். ஆயினும் பள்ளி செல்லும் வயதில் வரும், மைக்கோபிளாஸ்மா என்ற பக்டீரியாவின் தொற்றில் அது குறைவாகவே இருக்கக்கூடும் என்பதால், நெஞ்சைச் சோதித்த வைத்தியரே முடிவுசெய்ய வேண்டும். அலகையும் பாருங்கள்: சில ஆய்வுகூடங்கள் டெசிலீற்றருக்கு எழுதுகின்றன, அங்கே 1.8 என்பதும் லீற்றருக்கு 18 என்பதும் ஒன்றே.

வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை இந்த அறிக்கையில் நான் அதிகம் நம்பமாட்டேன். பிரெட்னிசொலோன் சில மணித்தியாலங்களுக்குள், குருதிக்குழாய்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களை இரத்த ஓட்டத்துக்குள் விடுவிப்பதால், கிருமி இல்லாமலே எண்ணிக்கை உயரும். அதே மருந்து ஈசினோபில்களைக் குறைக்கும். ஆகவே அந்த 1 சதவீதம் மருந்தின் அடையாளமே தவிர, ஆஸ்துமா தணிந்ததன் அடையாளம் அல்ல. மருந்து எடுக்காத நாட்களில் ஈசினோபில் உயர்ந்திருந்தாலும், குடற்புழுக்களும் அதற்குக் காரணமாகலாம். கிளினிக்கில் தந்த தடுப்பு இன்ஹேலரை, இந்த எண்ணைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

வாடைக்காற்று மழைக்காலத்தில் திருகோணமலையில் காய்ச்சல் என்றதும் டெங்குவுக்காகக் குருதிக் கல அளவைப் பார்ப்பது வழக்கம், அது அவசியமும்கூட. ஆனால் குருதிச் சிறுதட்டுகளுக்காக எடுத்த தாளில் மற்ற எண்களைப் பார்த்துப் பெற்றோர் கலங்குவதை அடிக்கடி காண்கிறேன். அறிக்கையின் ஓரத்தில் காய்ச்சல் தொடங்கிய நாள், இரத்தம் எடுத்த நேரம், அதற்கு முன் கொடுத்த மருந்து ஆகிய மூன்றையும் எழுதிக் கொண்டுபோனால், எந்த வைத்தியரும் அதைச் சரியாக வாசிக்க முடியும்.

மகன் அமைதியாக இருக்கும்போது முழுமையாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 30ஐக் கடந்தாலும், விலா எலும்புகளுக்கிடையே தசை உள்ளிழுக்கப்பட்டாலும், ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலும், ஒட்சிசன் செறிவு 92 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலும், சி.ஆர்.பி எவ்வளவு குறைவாக இருந்தாலும் இரவென்று பாராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.