பிள்ளையைக் காலேஜில் சேர்ப்பதா, கடையில் உட்கார வைப்பதா?

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் 31 வருடம் கணக்குப்பதிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கேட்கப்பட்ட கேள்விகளில் சில.

பள்ளத்தூர், பாத்திரக்கடைக்காரர்: எங்கள் ஐயா எட்டாவதுகூடத் தாண்டாமல் பர்மாவில் கடை நடத்தினார். என் மகனுக்கு பி.காம். எதற்கு சார்? மூன்று வருஷம் வீண்தானே?

ஐயா படிக்கவில்லை என்று யார் சொன்னது? பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாகப் போயிருப்பார். கிட்டங்கி என்ற கடைக் கட்டிடத்தைப் பெருக்கி, பேரேடு எழுதுபவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அடுத்தாள் என்ற உதவியாளாகி, அப்புறம்தான் கடையை நடத்தும் மேலாள். ஐந்தொகை (அந்தக் கால பாலன்ஸ் ஷீட்) போட்டால் காலணா வித்தியாசம் வந்தாலும் அன்று தூக்கம் கிடையாது. அங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. உங்கள் கடையில் யார் இருக்கிறார்? நீங்கள் கல்லாவை விட்டு எழ முடியாது, ஜிஎஸ்டியை ஆடிட்டர் ஆபீஸ் பார்த்துக்கொள்கிறது. பையன் எடை போடக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான்.

வியாபாரிக்குப் படிப்பு ஆகாது என்பது நம் ஊர்ப் பழக்கமும் இல்லை. காரைக்குடியில் கல்லூரிகள் கட்டிய வள்ளல் அழகப்பச் செட்டியார் எம்.ஏ., பாரிஸ்டர். மில்லும் நடத்தினார். சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்தக் காலத்து 15 லட்சம்!

பையன் பகலில் காலேஜுக்குப் போகட்டும், சாயங்காலம் கடைக்கு வரட்டும். இரண்டாம் வருஷத்திலிருந்து ஜிஎஸ்டி ரிட்டர்னை அவனே போடட்டும்.

புதுவயல், மாணவி: அரசுப் பள்ளியில் படித்தேன். மேலே படித்தால் செலவு என்கிறார் அப்பா.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கே வரும். இன்ஜினியரிங் என்றால் 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் கிடைக்கும் இடத்துக்குக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இதை அப்பாவிடம் அம்மா சொல்லட்டும்மா, நீ சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாய் என்பார்.

தேவகோட்டை, தந்தை: ஏஐ வந்துவிட்டது. எந்த கோர்ஸ் நிலைக்கும்?

தெரியாது. கோர்ஸ் பெயரை விட்டுவிட்டு, ஒரு வேலை நாளில் போய் லேபைப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்காக நான் ஒரு கல்லூரிக்குப் போனேன். லேத் மிஷின் மேல் வாங்கியபோது சுற்றியிருந்த பாலிதீன் அப்படியே இருந்தது, அதன் மேல் விரல் கனத்துக்குத் தூசி. பிரின்சிபால் காபி கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

கோட்டையூர், பட்டதாரி: 78 சதவீதம் எடுத்தேன். இப்போது சாப்பாடு டெலிவரி. படித்து என்ன பயன் சார்?

கோபம் நியாயம்தான் தம்பி. இதில் என் பங்கும் உண்டு. மூன்றாம் வருஷத்துப் பையன் ஒருவன் லீவ் லெட்டர் எழுதித் தரச் சொல்லி என்னிடமே வந்தான். பாலன்ஸ் ஷீட் பிழையில்லாமல் போடுவான், நாலு வரி சொந்தமாக எழுத வராது. நான் நோட்ஸ் கொடுத்தே பழக்கிவிட்டேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வாங்க. பயோடேட்டாவை நீங்களே எழுதிக் கொண்டு வாங்க, உட்கார்ந்து திருத்துவோம்.