யாரைப் பார்க்க?

அன்புள்ள ஐயா,

நான் ஓஹையோவில் வேலை பார்க்கிறேன். ஈஸ்ட் பாலஸ்டைன் ரயில் விபத்துக்குப் பிறகு, ரயில் கம்பெனிகள் வாஷிங்டனில் செய்யும் லாபி பற்றி, அதாவது சட்டம் தங்களுக்குச் சாதகமாக அமைய உறுப்பினர்களிடம் ஆதரவு தேடும் வேலை பற்றித் தேடிப் பார்த்தேன். எந்தக் கம்பெனி எவ்வளவு செலவழித்தது, எந்த மசோதாவுக்காக என்று எல்லாமே பொதுவில் இருக்கிறது. இவ்வளவு வெளிப்படையான ஒன்றை ஊழல் என்று சொல்லலாமா? இந்தியாவிலும் இப்படி ஒரு சட்டம் வந்தால் நல்லதுதானே?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

இந்தியச் சட்டம் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். ஊழலா இல்லையா என்ற பட்டிமன்றமும் வேண்டாம். தன் பக்க நியாயத்தைச் சொல்ல கம்பெனிக்கும் உரிமை உண்டு, தொழிற்சங்கத்துக்கும் உண்டு. ஆனால் 'எல்லாமே இருக்கிறது' என்று எழுதிவிட்டீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அறிக்கைகளில் ஒன்றையாவது கடைசி வரை படித்தீர்களா?

நான் சில வாரங்களாக அவற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். லாபி விவரங்களைத் தாக்கல் செய்யச் சொல்லும் சட்டம் 1995-இல் வந்தது, 2007-இல் திருத்தினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல். தொகை, மசோதா எண், லாபி செய்தவர் பெயர் எல்லாம் உண்டு. யாரிடம் பேசினார்கள் என்ற இடத்துக்கு வாருங்கள். அரசுத் துறை என்றால் துறையின் பெயர், நாடாளுமன்றம் என்றால் 'செனட்', 'பிரதிநிதிகள் சபை'. அவ்வளவுதான். செனட்டில் 100 பேர், பிரதிநிதிகள் சபையில் 435 பேர். இவர்களில் யார்? சட்டம் அதைக் கேட்கவே இல்லை. மசோதாவை ஆதரித்துப் பேசினார்களா, எதிர்த்தா என்பதையும் கேட்கவில்லை.

என் அப்பா ஒரு நூற்பாலையில் வாட்ச்மேன். மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு கேட்டில் உட்கார்ந்திருப்பேன். நீள நோட்டில் சிவப்புப் பென்சிலால் அவரே கோடு போட்டிருப்பார்: பெயர், ஊர், நேரம், யாரைப் பார்க்க. ஒருநாள் காரில் வந்த பெரிய மனிதர் கடைசிக் கட்டத்தில் 'ஆபீஸ்' என்று எழுதிவிட்டு நடந்தார். அப்பா கதவைத் திறக்கவில்லை. "ஆபீஸுன்னா, ஆபீஸ்ல யாருங்க?" அவர் முறைத்தார். அப்பா நோட்டை மறுபடி நீட்டினார். பெயர் விழுந்த பிறகுதான் கேட் திறந்தது.

கிரெடிட் மொபிலியர் விவகாரம் தெரியுமல்லவா? யூனியன் பசிபிக் ரயில் பாதையைக் கட்டிய அந்தக் கம்பெனியின் பங்குகளை, ஓக்ஸ் ஏம்ஸ் என்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினர் சக உறுப்பினர்களுக்கு மலிவாகக் கொடுத்தார். 1873 விசாரணையில் தன் குறிப்புப் புத்தகத்தையே எடுத்து வைத்தார். யாருக்கு எத்தனை பங்கு என்று அதில் இருந்தது. தவறு செய்தவரின் சொந்த நோட்டில் இருந்த கட்டம், செந்தில், இன்றைய அரசாங்கப் படிவத்தில் இல்லை.

உங்கள் ஓஹையோவுக்கே வாருங்கள். 2023 பிப்ரவரி 3 இரவு அந்தச் சரக்கு ரயிலின் ஒரு சக்கர பேரிங் கொதித்துக்கொண்டிருந்தது. சூட்டை அளக்கும் பாதையோரக் கருவி ஒன்றில் வெளிச்சூட்டைவிட 103 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம். அடுத்த கருவி சுமார் 20 மைல் தள்ளி. அங்கே 253. அதற்குள் காலம் கடந்துவிட்டது, 38 பெட்டிகள் தடம் புரண்டன. இந்தக் கருவிகளுக்கு விதி கொண்டுவர இரண்டு கட்சியினரும் சேர்ந்து எழுதிய மசோதா, அதே ஆண்டு மே மாதம் செனட் குழுவில் 16-11 என்று தேறியது. முழு செனட்டின் வாக்கெடுப்புக்கு வரவே இல்லை. அந்த மாதங்களின் அறிக்கைகளில் மசோதாவின் பெயர் இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டினார்கள் என்பது மட்டும் இல்லை.

அங்கேயே இருக்கிறீர்கள். உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதி, ரயில் கம்பெனிக்காரர்கள் யார் யார் எந்தத் தேதியில் வந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் எனக்கு அனுப்புங்கள்.