பழைய சினிமா தியேட்டரை சிம்பொனி அரங்கமாக மாற்றினால் ஒலி நன்றாக இருக்குமா?

இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள பவல் ஹால் நல்ல உதாரணம். பேசாப்பட காலத்தில், 1925-ல் திறக்கப்பட்ட தியேட்டர் அது. 1968-லிருந்து அந்த நகரத்து சிம்பொனி இசைக்குழு அங்கேதான் வாசிக்கிறது. பிட்ஸ்பர்கின் ஹெயின்ஸ் ஹாலும் (1927-ல் தியேட்டர், 1971-ல் இசை அரங்கம்) இப்படி மாறியதுதான்.

ஆனால் வேலை நிறைய இருக்கிறது. சினிமாவுக்கு வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும், அதனால் ஒலி சட்டென்று அடங்கினால் நல்லது. சிம்பொனிக்கோ, வாத்தியங்கள் நின்ற பிறகும் ஒலி சுமார் 2 விநாடி மிதந்து மெல்ல அடங்க வேண்டும். எனவே ஒலியை உறிஞ்சும் கனத்த திரைச்சீலைகளையும் தரைவிரிப்புகளையும் குறைப்பார்கள்.

அப்புறம் மேடை. அதற்கு மேலே திரைகளைத் தூக்கி நிறுத்த உயரமான வெற்றிடம் இருக்கும்; வயலின் ஒலியில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். அதைத் தடுக்க இசைக்குழுவைச் சுற்றியும் மேலேயும் கெட்டியான பலகைகளால் ஒரு கூடு அமைத்து, ஒலியைப் பார்வையாளர் பக்கம் திருப்புகிறார்கள். ஏசி இரைச்சலையும் அடக்கியாக வேண்டும்.

பால்கனிக்கு அடியில் உள்ள பின்வரிசைகளில்தான் ஒலி மெலிந்து கேட்கும். அதைச் சரிசெய்வது கடினம்.

சுவரிலும் கூரையிலும் உள்ள சுண்ணச் சாந்துப் பூவேலைகளைத் தயவுசெய்து செதுக்கி எடுத்துவிடாதீர்கள். அந்த மேடுபள்ளங்கள்தான் ஒலியைச் சிதறடித்து அரங்கம் முழுக்கப் பரப்புகின்றன.