மகனை அகாடமிக்கு அனுப்பலாமா? ராச்டேலிலிருந்து ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் புரியும். குமரிக் கடற்கரையிலிருந்து மனைவியின் நர்ஸ் வேலை விசாவில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பதின்மூன்று வயது மகன் பள்ளி கால்பந்து டீமில் மிட்ஃபீல்டில், அதாவது நடுக்களத்தில், ஆடுகிறான். லீக் டூ கிளப் ஒன்றிலிருந்து வந்தவர் அவனைப் பார்த்துவிட்டு, அவர்கள் அகாடமியில், அதாவது சிறுவர்களைப் பயிற்றுவிக்கும் பிரிவில், ஆறு வார ட்ரயலுக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஊரில் பெரியவர்கள் "படிக்கக் கூட்டிப் போனாயா, பந்து உதைக்கக் கூட்டிப் போனாயா" என்று போனில் சத்தம் போடுகிறார்கள். இவ்வளவு கீழே உள்ள கிளப்பில் ஆடி ஒருவன் பிழைக்க முடியுமா, அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள்.

அனுப்புங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் எழுதப்போவதில் பாதி உங்களுக்குப் பயம் தரும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். எங்கே அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்புங்கள், அவ்வளவுதான். எனக்கு அப்போது இதைச் சொல்ல ஆள் இல்லை.

நம் ஊர் டிவியில் வருவது பிரீமியர் லீக், 20 கிளப். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92. உங்கள் மகனைக் கூப்பிட்டிருப்பது இதில் கடைசிப் படியில் உள்ள கிளப். அந்தப் படியை யாரும் இளக்காரமாகப் பேசினால் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அங்கே ஆடுகிறவர்களுக்கு அதுதான் முழுநேர வேலை. ஆகஸ்டில் தொடங்கி மே வரை 46 லீக் ஆட்டம், கோப்பை ஆட்டங்கள் தனி.

நான் 2004-ல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ராச்டேலுக்கு வந்தேன். ஆஸ்பத்திரி வார்டில் கூட வேலை பார்த்த ஒருவர், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஸ்பாட்லண்ட் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். கையில் சூடான டீ, காலில் உணர்ச்சியே இல்லை, அப்படி ஒரு குளிர். எனக்கு யாரையும் தெரியாது. ஆனால் பத்து நிமிடத்துக்குள் என் கண் ஒரே ஆள் மேல் ஒட்டிக்கொண்டது. பந்து எங்கே விழுமோ அங்கே அவர் முன்கூட்டியே நின்றார். எதிரணி கோல்கீப்பர் நெடுக உதைக்கிறார், இரண்டு பேர் தலையால் முட்ட எழும்புகிறார்கள், அங்கிருந்து சிதறுகிற பந்து இவர் காலடிக்கு வருகிறது. எடுத்து வலது ஓரத்துக்குக் கொடுத்துவிட்டு, தானே பெனால்டி கட்டத்துக்கு ஓடுகிறார். பந்து பறிபோனால் அதே வேகத்தில் தன் கோல் வரை திரும்ப ஓடுகிறார். எண்பதாவது நிமிடத்திலும் அதே ஓட்டம்.

அவர் கேரி ஜோன்ஸ். கீழ் லீக் மிட்ஃபீல்டரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். 1977-ல் பர்க்கன்ஹெட்டில் பிறந்தவர். வேல்ஸில் கெர்னார்வன் என்ற சிறிய ஊர் கிளப்பில் ஆடி, ஸ்வான்சீ வழியாக 1998-ல் ராச்டேலுக்கு வந்தார். 2001-ல் இரண்டு படி மேலே பார்ன்ஸ்லிக்குப் போனார். அடுத்த வருடமே ஐடிவி டிஜிட்டல் என்ற தொலைக்காட்சி கம்பெனி விழுந்து, கீழ் கிளப்புகள் நம்பியிருந்த ஒளிபரப்புப் பணம் நின்றுபோனது. பார்ன்ஸ்லியும் திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2003-ல் ராச்டேலுக்கே திரும்பி வந்தார். ஒரு கம்பெனி லண்டனில் மூடினால் வடக்கே ஒரு மிட்ஃபீல்டரின் வீட்டில் அடுப்பு ஆடும். இந்தத் தொழிலை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

திரும்பி வந்தவர் 2012 வரை இருந்தார். இரண்டு முறையும் சேர்த்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள்; ராச்டேலுக்கு அவரைவிட அதிகம் ஆடியவர் கிடையாது. எங்கள் டீம் 1974-லிருந்து கடைசி டிவிஷனிலேயே (இன்றைய லீக் டூ) கிடந்தது. 2008-ல் மேலே ஏறுவதற்கான இறுதியாட்டத்துக்கு லண்டன் வெம்ப்ளி மைதானம் வரை போய் ஸ்டாக்போர்ட்டிடம் 3–2 என்று தோற்றோம். 2010 ஏப்ரலில் நார்த்தாம்ப்டனை 1–0 என்று வென்று, 36 வருடத்துக்குப் பிறகு மேலே ஏறினோம். அன்று என் பக்கத்தில் நின்ற பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு இங்கிலாந்து சொந்த ஊராகத் தோன்ற ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

2012-ல் ராச்டேல் மறுபடி இறங்கியது. ஜோன்ஸுக்கு 35 வயது. நம் கணக்கில் ஓய்வு பெறுகிற வயது. அவர் பிராட்ஃபோர்ட் சிட்டிக்குப் போய் கேப்டன் ஆனார். அந்த வருடம் நான்காம் டிவிஷன் டீமான பிராட்ஃபோர்ட், 92 கிளப்பும் மோதுகிற லீக் கோப்பையில் டிசம்பரில் பிரீமியர் லீகின் ஆர்சனலைப் பெனால்டியில் வீழ்த்தியது, அரையிறுதியில் ஆஸ்டன் வில்லாவை வென்றது. 2013 பிப்ரவரி 24, வெம்ப்ளியில் இறுதியாட்டம். ஸ்வான்சீயிடம் 5–0 என்று தோற்றார்கள். நான்காம் டிவிஷன் டீம் ஒன்று அந்தக் கோப்பையின் இறுதிக்கு வந்தது அதற்கு முன் ஒரே முறைதான்: 1962-ல், இதே ராச்டேல். தோற்ற மூன்று மாதத்தில் அதே வெம்ப்ளியில் மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில் நார்த்தாம்ப்டனை 3–0 என்று வென்று லீக் ஒன்னுக்கு ஏறினார்கள். பிறகு நாட்ஸ் கவுன்டி, அப்புறம் லீகுக்கு வெளியே, அந்த 92-க்கும் கீழே உள்ள சவுத்போர்ட். பிரீமியர் லீகில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. இந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் ஜனங்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஆனால் ஜோன்ஸ் போல ஒரே ஊரில் வேர் பிடிப்பது எல்லோருக்கும் கிடைக்காது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருட ஒப்பந்தம். எல்லாம் ஜூன் 30-ல் முடியும். சீசன் முடிந்ததும் மே மாதத்தில் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று கிளப் ஒரு பட்டியல் விடும். பிள்ளைகுட்டிக்காரர்கள் அந்தப் பட்டியலில் தங்கள் பெயரைத் தேடுவார்கள். புது கிளப் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் பிள்ளைகளின் பள்ளி மாறும், அல்லது குடும்பம் ஓர் ஊரிலும் அவர் ஓர் ஊரிலும். சம்பளம் நல்ல சம்பளம்தான், ஆனால் முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிடுகிற சம்பளம் இல்லை. அதனால்தான் ஆட்டக்காரர்களின் சங்கமான பிஎஃப்ஏ (1907-ல் மான்செஸ்டரில் தொடங்கியது) ஆடும்போதே படிக்கச் சொல்லிப் பணம் கொடுக்கிறது. அப்படிப் படித்துப் பிசியோதெரபிஸ்ட் ஆனவர்கள் நிறையப் பேர்.

எங்களுக்குப் பக்கத்து ஊர் பெரி. 1894-லிருந்து லீகில் இருந்த கிளப். 2019 வசந்தத்தில் லீக் டூவிலிருந்து மேலே ஏறியது, ஆனால் ஆடியவர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் வரவில்லை. அந்த ஆகஸ்ட் 27-ஆம் தேதி, எப்படியாவது கிளப் பிழைத்து ஆட்டம் நடக்கும் என்று நம்பி, ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் துடைப்பமும் வாளியுமாக வந்து மைதானத்தைக் கழுவினார்கள். அன்று இரவே லீகை விட்டு நீக்கிவிட்டார்கள். ஜெயித்துக் கொடுத்தவர்கள் வேறு கிளப் தேடி அலைந்தார்கள். கிளப்பின் தகுதி வேறு, முதலாளியின் தகுதி வேறு. பையனைச் சேர்க்கும் முன் இரண்டையும் விசாரியுங்கள்.

இனி அகாடமி. என் மகன் ஒன்பது வயதில் ஒரு கிளப்பில் சேர்ந்தான், பெயர் வேண்டாம். வாரத்தில் மூன்று மாலை பயிற்சி, ஞாயிறு ஆட்டம். காரின் பின் இருக்கையில்தான் அவன் தயிர்சாதம், அங்கேதான் வீட்டுப்பாடம். பதினாறு வயதில் அகாடமிக்காரர்கள் சிலருக்கு இரண்டு வருட ஸ்காலர்ஷிப் தருவார்கள், பயிற்சியும் படிப்பும் சேர்ந்தது. மற்றவர்களுக்குக் கதவு சாத்தும். ஒரு டிசம்பர் மாலை எங்களைக் கேபினுக்குக் கூப்பிட்டு, நான்கு நிமிடத்தில் "இல்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். ஏழு வருடத்துக்கு நான்கு நிமிடம். காரில் ஏறியதும் அவன் தன் பெயரின் முதலெழுத்துகள் போட்ட கிளப் ஜாக்கெட்டைக் கழற்றினான், ஜிப்பை மேல் வரை இழுத்தான், சட்டைக் கடையில் மடிப்பது போல மடித்துப் பின் இருக்கையில் வைத்தான். வீடு வரும்வரை பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கிளப்பிலிருந்து எப்படி இருக்கிறாய் என்று ஒரு போன் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் தப்பும் இருக்கிறது. கடைசி இரண்டு வருடம் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டங்களை, பயிற்சி நாளில் வருகிறது என்று தவறவிட்டேன். கணக்குப் பரீட்சையை அவன் திரும்ப எழுத வேண்டியிருந்தது. இப்போது எலக்ட்ரீஷியன், சனிக்கிழமைகளில் லீகுக்கு வெளியே ஒரு சின்ன கிளப்புக்கு மிட்ஃபீல்டில் ஆடுகிறான், கைக்குக் கொஞ்சம் காசும் வருகிறது. அவன் ஆடுவதைப் பார்க்க நான் தவறுவதே இல்லை. ட்ரயலுக்குப் போகலாம், பள்ளியை விடக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

நம் பிள்ளைகளுக்கு இங்கெல்லாம் எங்கே இடம் என்று உங்கள் அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். விமல் யோகநாதனின் ஆட்டத்தை அவருக்குக் காட்டுங்கள். இலங்கைத் தமிழ்க் குடும்பம், வேல்ஸில் பிறந்தவர், மிட்ஃபீல்டர். 2023 ஆகஸ்டில் லீக் கோப்பையில் பார்ன்ஸ்லிக்காக இறங்கினார். இங்கே தொழில்முறையில் ஆடிய முதல் தமிழர் என்று அவரைச் சொல்கிறார்கள். ஜோன்ஸ் ஆடிய அதே பார்ன்ஸ்லி.

ஒரு விஷயத்தை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள்: காகிதம். வேறு நாட்டுப் பையன் பத்து வயதுக்கு மேல் முதல்முறை பதிவானால், ஃபிஃபா விதிப்படி சர்வதேச அனுமதி வேண்டும். பெற்றோர் பந்துக்காக அல்ல, வேலைக்காகத்தான் வந்தார்கள் என்று காட்ட மனைவியின் வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். இதைக் கிளப்பே பார்த்துக்கொள்ளும். ஆனால் விசாவைக் கிளப் பார்க்காது. உங்களுடையது போன்ற டிபென்டென்ட் விசாவில் (வேலைக்கு வந்தவரின் குடும்பத்தாருக்குத் தருவது) தொழில்முறை விளையாட்டு வீரராக வேலை செய்யக்கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு உள்துறை கொடுக்கும் விளக்கமும் அகலமானது, அகாடமி வயதுப் பிரிவுகளைக்கூட அதில் குறிப்பிடுகிறார்கள். ட்ரயல் முடிந்து பதிவுப் படிவத்தை நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். என்னைப் போன்ற ஆளின் வாய்வார்த்தை இதற்குப் போதாது.

வியாழக்கிழமை முதல் ட்ரயல் என்றீர்கள். செயற்கைப் புல்லில்தான் இருக்கும், அதற்கான அடிப்பாகம் உள்ள பூட்ஸ் வாங்குங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்தது வழுக்கும். அரை மணி முன்னாலேயே போய்விடுங்கள். ஓரத்தில் நின்று கத்தாதீர்கள், பயிற்சியாளர்களுக்குப் பிடிக்காது, பையனுக்கும் கூச்சமாக இருக்கும்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஸ்பாட்லண்டில் ஆட்டம். 2023-ல் நாங்கள் 102 வருடம் இருந்த லீகையே விட்டு இறங்கியவர்கள்தான், ஆனாலும் நான் போவதை நிறுத்தவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், டிக்கெட் நான் எடுத்து வைக்கிறேன். முதல் பாதி முழுக்கப் பந்தைப் பார்க்க வேண்டாம், நடுவில் ஆடுகிற ஒரே ஆளை மட்டும் பார் என்று சொல்லிக் கூட்டி வாருங்கள். இடைவேளையில் அவன் என்ன பார்த்தான் என்று நான் கேட்கிறேன்.