மின்னணு ஆவணங்களை நீண்டகாலம் காக்க ஆவண மேலாளருக்கு என்ன திறன்கள் வேண்டும்?

கணினியில் இன்று உருவாகும் ஆவணத்தைப் பல பத்தாண்டுகள் கழித்தும் திறந்து படிக்க முடிய வேண்டும், அது மாற்றப்படாத அசல்தான் என்று காட்டவும் முடிய வேண்டும். இதுதான் மின்னணு ஆவணப் பாதுகாப்பு.

காகிதம் அலமாரியில் சும்மா கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். கோப்பு அப்படியல்ல, அதைத் திறக்கும் சாதனமும் மென்பொருளும் புழக்கத்தில் இருக்க வேண்டும். பெட்டி பத்திரமாக இருந்தும் சாவி தொலைந்துபோன கதைதான். பிரிட்டனில் பிபிசி 1986-இல் லேசர் வட்டுகளில் வெளியிட்ட டூம்ஸ்டே திட்டத்துக்கு, அதாவது நாட்டு மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவுசெய்த தொகுப்புக்கு, இதுவே நேர்ந்தது. 2000-களின் தொடக்கத்திலேயே அவற்றைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன; மீட்கத் தனி ஆய்வே தேவைப்பட்டது.

அதனால் முதல் திறன், கோப்பு வடிவங்களைப் பற்றிய அறிவு. எது வழக்கொழியப் போகிறது, எதை எப்போது புதிய வடிவத்துக்கு மாற்றுவது என்று கணிக்கத் தெரிய வேண்டும். நீண்டகாலச் சேமிப்புக்கென்றே 2005-இல் சர்வதேசத் தரநிலையாக வெளியான பிடிஎஃப்/ஏ (PDF/A) என்ற பிடிஎஃப் வகை நல்ல தொடக்கம். அடுத்து, ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் செக்சம் சோதனை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண்ணைப் பிறகு மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுவது. அப்புறம், யார், எப்போது, எதற்காக உருவாக்கினார் என்ற விவரங்களை ஆவணத்தோடு சேர்த்து வைப்பது. எதை எத்தனை ஆண்டு வைக்கச் சட்டம் சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, கணினித் துறையினரோடு அவர்கள் மொழியில் பேசும் திறன். புதிய மென்பொருள் வாங்கும்போதே தரவை வெளியே எடுக்க வழி உண்டா என்று கேட்காவிட்டால், பிறகு கேட்டுப் பயனில்லை.

பேக்கப் எடுத்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பேக்கப் கோப்பின் நகலைத்தான் காக்கும், அதைத் திறக்கும் வழியை அல்ல.